தொண்டுக் கடையின் பழைய புத்தக அலமாரியில் எதை எடுப்பது, எதை விடுவது?

கேள்வி: தொண்டு நிறுவனம் ஒன்று நடத்தும் பழைய புத்தகக் கடைக்கு வாரந்தோறும் போகிறேன். நன்கொடையாக வந்த புத்தகங்கள்தான் அங்கே விற்பனைக்கு இருக்கின்றன. ஆசையில் பை நிறைய அள்ளி வருகிறேன். ஆறு மாதத்தில் நாற்பது சேர்ந்துவிட்டது. படித்து முடித்தது ஐந்து. ஒன்றைத் திறந்தாலே தும்மல் வருகிறது. இன்னொன்று சுருக்கப் பதிப்பு என்பது பாதி படித்த பிறகுதான் தெரிந்தது. ஒரு துப்பறியும் நாவலில் கடைசி 16 பக்கங்களே இல்லை. இப்படிப்பட்ட கடைகளில் தேடி எடுக்க, உங்களுக்குப் பிடித்த புத்தகங்களைப் பட்டியலிட்டுத் தர முடியுமா?

பதில் (பழைய நூல் மதிப்பீட்டாளர்):

அன்புள்ள வாசகருக்கு,

தலைப்புகளாகப் பட்டியல் தந்தால் அது உங்களுக்கு உதவாது. புதிய புத்தகக் கடையில் கேட்ட நூல் இல்லையென்றால் வரவழைத்துத் தருவார்கள். நன்கொடைக் கடையில் என்ன இருக்கும் என்பதைக் கடைக்காரர் முடிவு செய்வதில்லை. வீடு மாறுபவர்களும், படிப்பை முடித்த மாணவர்களும், பெற்றோரின் அலமாரியை ஒழிக்க வேண்டிவந்த பிள்ளைகளும்தான் முடிவு செய்கிறார்கள். பத்துத் தலைப்புகளை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் பத்துமே இருக்காது. அந்த ஏமாற்றத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துக்கொள்வோம். உங்கள் நாற்பது புத்தகங்கள் அப்படித்தான் சேர்ந்திருக்கும் என்று நினைக்கிறேன். எனவே தலைப்புகளுக்குப் பதில், தேட வேண்டிய வகைகளைச் சொல்கிறேன். கூடவே, எடுத்த புத்தகத்தைக் கடையிலேயே இரண்டு நிமிடம் சோதிக்கும் முறையையும் சொல்கிறேன்.

முதலில் அவசரம் எதற்கு, நிதானம் எதற்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் எல்லாரும் வாங்கிப் படித்த நாவல்கள் இந்தக் கடைகளுக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரே நாவல் மூன்று பிரதிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை இன்றைக்கு எடுக்காவிட்டால் அடுத்த மாதம் இன்னும் நல்ல பிரதி கிடைக்கும். சிறிய பதிப்பகங்கள் சில நூறு பிரதிகள் மட்டும் அச்சிட்ட கவிதைத் தொகுதி, ஓர் ஊரின் வரலாறு, குறைவாகவே அச்சான மொழிபெயர்ப்பு, இவையெல்லாம் ஒரு முறை கண்ணில் பட்டு மறைந்தால் திரும்பி வராது. கையில் எடுத்தால் கீழே வைக்க வேண்டாத ரகம் இது.

நான் முதலில் தேடச் சொல்வது சிறுகதைத் தொகை நூல்களை. ஒரே புத்தகத்தில் பதினைந்து இருபது எழுத்தாளர்கள் அறிமுகமாகிவிடுவார்கள். பிடித்த இரண்டு மூன்று பேரைக் குறித்துக்கொண்டால், அடுத்த முறை அலமாரியில் எந்தப் பெயரைத் தேடுவது என்பது தானாகவே தெரிந்துவிடும். எடுக்கும்போது தொகுப்பாசிரியரின் முன்னுரை இருக்கிறதா, ஒவ்வொரு கதைக்கும் அது வெளிவந்த ஆண்டு தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் கவனமாகத் தொகுத்த நூல்.

அடுத்தது தொழில் செய்தவர்களின் நினைவுக் குறிப்புகள். மருத்துவச்சி, ரயில் ஓட்டுநர், பள்ளி ஆய்வாளர், அச்சுக்கோப்பவர் என்று பெயர் பெறாத மனிதர்கள் ஓய்வுக்குப் பிறகு எழுதியவை. இவை மறுபதிப்பு காண்பது அபூர்வம். நூலகங்களும் இடம் போதாமல் கழித்துவிடுகின்றன. ஒரு வேலை எந்தக் கருவியால், எந்த வரிசையில் நடந்தது என்ற செய்தி இவற்றில்தான் மிஞ்சியிருக்கிறது. கடிதத் தொகுப்புகளும் நாட்குறிப்புகளும் இதே இனம். அவற்றில் மட்டும் பொருளடைவும் அடிக்குறிப்பும் உண்டா என்று பாருங்கள். யார் யாருக்கு எழுதியது என்ற விளக்கம் இல்லாத கடிதங்களைப் படித்து முடிப்பது கடினம்.

மொழிபெயர்ப்பு நூலென்றால் தலைப்புப் பக்கத்தில் மொழிபெயர்த்தவர் பெயரைத் தேடுங்கள். மூல மொழியிலிருந்து நேராக வந்ததா, இடையில் இன்னொரு மொழி இருந்ததா என்பதும் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். பிறகு உரையாடல் நிறைந்த ஒரு பக்கத்தைப் புரட்டி, வாய்க்குள் மெல்லப் படித்துப் பாருங்கள். பாத்திரங்கள் பேசுவது பேச்சாகக் கேட்கவில்லை என்றால், எவ்வளவு புகழ்பெற்ற நாவலானாலும் அந்த மொழிபெயர்ப்பை விட்டுவிடுங்கள்.

அகராதி பழையதானாலும் எடுக்கலாம். புதிய சொற்கள் இருக்காது என்பதுதான் குறை. ‘போ’, ‘எடு’, ‘விடு’ போன்ற சாதாரண வினை ஒன்றைத் தேடிப் பாருங்கள். அகராதியின் தரம் அருஞ்சொற்களில் தெரியாது; சாதாரணச் சொல்லின் பல பொருள்களை எப்படிப் பிரித்துக் காட்டுகிறது என்பதில்தான் தெரியும். தையல், தச்சு, பின்னல் போன்ற கைவேலை நூல்களும் காலாவதியாவதில்லை. ஆனால் பின்னட்டையின் உட்பையில் மடித்து வைத்திருக்கும் மாதிரித் தாள்கள் காணாமல் போயிருக்கும். உள்ளே கைவிட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பழைய உலக வரைபட நூல்களை நான் மிகவும் விரும்புவேன். ஆண்டு அச்சிடாதவை அவற்றில் நிறைய உண்டு. வரைபடமே ஆண்டைச் சொல்லிவிடும். இரண்டு ஜெர்மனிகள் இருந்தால் 1990க்கு முந்தையது. சோவியத் ஒன்றியம் இருந்தால் 1991 முடிவதற்குள் தயாரானது. செக்கோஸ்லோவாக்கியா ஒரே நாடாக இருந்தால் 1993க்கு முன். ஆப்பிரிக்காவில் ஜாயிர் என்ற பெயர் இருந்தால் 1971க்கும் 1997க்கும் இடையில். தெற்கு சூடான் தனி நாடாக இருந்தால் 2011க்குப் பிறகு. பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் கிடையாது.

விட்டுவிட வேண்டியவை: வரி, சட்டம், மென்பொருள், தேர்வு வழிகாட்டி, மருந்தளவு சொல்லும் நூல்கள். முதலுதவி நூலில் கூடுதல் கவனம் வேண்டும். இதய இயக்க மீட்பில் (சிபிஆர்) முதலில் மூச்சுப்பாதை, கடைசியில் மார்பழுத்தம் என்றிருந்த வரிசையை, முதலில் மார்பழுத்தம் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2010இல் மாற்றியது. அதற்கு முந்தைய நூலை நம்பினால் கெடுதல். கலைக்களஞ்சியத் தொகுதிகள் முழுதாக வந்தாலொழிய வேண்டாம். முழுதாக வந்தாலும் வீட்டில் எத்தனை அடி அலமாரி தேவை என்று அளந்துவிட்டு முடிவெடுங்கள். நாவலின் இரண்டாம் பாகம் மட்டும் கிடைத்தால், முதல் பாகம் எளிதில் கிடைக்கும் நூலா என்பதைப் பொறுத்து எடுங்கள்.

நீங்கள் ஏமாந்த சுருக்கப் பதிப்புக்கு வருகிறேன். தலைப்புப் பக்கத்திலோ அதன் பின்பக்கத்திலோ ‘சுருக்கம்’, ‘தழுவல்’, ‘மாணவர் பதிப்பு’ என்று சிறிய எழுத்தில் இருக்கும். ஒரே புத்தகத்தில் நான்கு நாவல்கள் இருந்தால் பெரும்பாலும் வெட்டிக் குறைத்தவையே. 600 பக்கம் என்று நீங்கள் அறிந்த நாவல் 180 பக்கத்தில் இருந்தால், எழுத்தின் அளவைப் பாருங்கள். எழுத்து சாதாரண அளவில் இருந்தால் மீதியைக் கத்தரித்திருக்கிறார்கள் என்று பொருள்.

இனி, கையில் எடுத்த புத்தகத்தைச் சோதிப்பது. முதலில் மூக்கு. நடுவில் விரித்து முகருங்கள். இலேசான வெனிலா மணம் வந்தால் பயமில்லை. மரக்கூழிலுள்ள லிக்னின் சிதைவதால் வருவது அது. மழையில் நனைந்த சாக்குபோல அடித்தால் அந்தப் புத்தகம் ஈரத்தில் இருந்திருக்கிறது. உங்கள் தும்மலும் அதனால்தான். மேல் விளிம்பிலும், பக்கங்கள் முதுகோடு சேரும் பள்ளத்திலும் பஞ்சுபோலவோ மாவுபோலவோ ஏதாவது ஒட்டியிருந்தால் பூஞ்சணம் உயிரோடு இருக்கிறது. எவ்வளவு அருமையான நூலானாலும் திரும்ப வைத்துவிடுங்கள். ஈரம் கிடைத்தால் வீட்டிலுள்ள மற்ற நூல்களுக்கும் அது பரவும். காய்ந்த பழுப்புப் புள்ளிகள் வேறு. பார்க்க அழகில்லையே தவிர, படிப்பதற்குத் தடையில்லை.

அடுத்து பூச்சி. பல பக்கங்களை நேராகத் துளைத்துச் சென்ற ஊசித் துளைகள் புத்தகத்தைத் துளைக்கும் வண்டுப் புழுவின் வேலை. வெள்ளைத் தாள் ஒன்றின் மேல் புத்தகத்தின் முதுகை இலேசாகத் தட்டுங்கள். மாவுபோன்ற தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம். ஒன்றும் உதிராவிட்டால் பழைய துளையாக இருக்கலாம். தாளின் மேற்பரப்பு மட்டும் ஒழுங்கில்லாமல் சுரண்டப்பட்டிருந்தால் அது வெள்ளிமீன் பூச்சி. பசையையும் தாளின் மேல்பூச்சையும் தின்னும் பூச்சி அது.

பிறகு கட்டு. புத்தகத்தை நிமிர்த்தி, முதுகின் மேல்முனையை உற்றுப் பாருங்கள். தாள்கள் சிறு சிறு கற்றைகளாக மடிந்திருப்பது தெரிந்தால் பெரும்பாலும் தையல் கட்டு. பல தலைமுறை தாங்கும். தனித்தனித் தாள்களாகப் பசையில் நின்றால் பர்ஃபெக்ட் பைண்டிங். அதைக் கால்வாசி, பாதி, முக்கால்வாசியில் மெதுவாக விரியுங்கள். படபடவென்று சத்தம் வந்தால் பசை காய்ந்து நொறுங்கிவிட்டது. முதல் வாசிப்பிலேயே தாள்கள் கையோடு வரும். முழுக்க விரித்து அழுத்திச் சோதிக்காதீர்கள், வேறொருவர் வாங்க வேண்டிய புத்தகம் அது.

பக்கங்கள் விடுபடுவது பெரும்பாலும் ஒன்றிரண்டாக நடப்பதில்லை. அச்சகத்தில் பெரும்பாலும் 16 பக்கம் கொண்ட ஃபாரமாக மடித்துத்தான் கட்டுகிறார்கள். ஒரு ஃபாரம் தவறினால் 16 பக்கம் மொத்தமாகப் போகும். அல்லது ஒரே ஃபாரம் இரண்டு முறை வந்திருக்கும். உங்கள் துப்பறியும் நாவலில் நடந்ததும் இதுதான். பக்க எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு கட்டைவிரலால் வேகமாகப் புரட்டினால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். கடைசிப் பக்கத்தில் கதை முடிகிறதா என்றும் பாருங்கள்; அந்த ஒரு வாக்கியத்தைப் படிக்காமல் கண்ணைத் தாண்டவிடுவது உங்கள் சாமர்த்தியம். படங்கள் உள்ள நூலில் ‘படப் பட்டியல்’ என்ற பக்கத்தைத் திறந்துவைத்து எண்ணுங்கள். வண்ணப் படத் தாள்களைக் கிழித்துச் சட்டம் போட்டு மாட்டுவோர் உண்டு.

தாளின் விளிம்பு பழுப்பாகவும் நடுப்பகுதி வெளுப்பாகவும் இருந்தால் அமிலத் தாள். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து ஆலைகள் படிகாரமும் மரப்பிசினும் சேர்த்துத் தாளுக்குப் பூச்சு கொடுத்தன; அந்தப் படிகாரம்தான் அமிலமாகித் தாளை அரிக்கிறது. அதனால்தான் துணிக் கந்தலிலிருந்து செய்த 200 ஆண்டுப் பழைய தாள் வெள்ளையாகவும், 50 ஆண்டுப் பழைய மலிவுப் பதிப்பு அப்பளமாகவும் இருக்கிறது. பதிப்பு விவரப் பக்கத்தில் வட்டத்துக்குள் முடிவிலிக் குறி (∞) இருந்தால், ஐஎஸ்ஓ 9706 போன்ற நிலைத்த தாள் தரத்தில் அச்சிட்டது. இரண்டு பிரதிகளில் ஒன்றைத் தேர்வு செய்ய இது நல்ல வழி.

அதே பக்கத்தில் 10 9 8 7 6 5 4 என்று எண்கள் வரிசையாக இருந்தால் குழம்ப வேண்டாம். இருக்கும் எண்களில் மிகச் சிறியது எதுவோ, அத்தனையாவது அச்சு. இங்கே நான்காவது. நூலின் பன்னாட்டு அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன் 13 இலக்கமாக மாறியது 2007 ஜனவரி 1 முதல்; அதற்கு முன் 10 இலக்கம். எண்ணே இல்லையென்றால் 1970க்கு முந்தையதாகவோ சிறிய வெளியீடாகவோ இருக்கலாம். தமிழ் நூலாக இருந்தால் எழுத்தே ஒரு சான்று. லை, னை, ணை போன்றவற்றில் துதிக்கைபோல வளைந்த பழைய வடிவம் இருந்தால், 1978 எழுத்துச் சீர்திருத்த ஆணைக்கு முன் அச்சானது என்று ஊகிக்கலாம். ஊகம்தான், ஆணை வந்த மறுநாளே எல்லா அச்சகங்களும் மாறிவிடவில்லை. தாளின் பின்புறம் எழுத்து அழுந்திய மேடு விரலுக்குத் தட்டுப்பட்டால் ஈய எழுத்துக் கோத்து அச்சிட்ட நூல்.

சிறுவர் நூல்களில் ஓர் எச்சரிக்கை. பழைய அச்சு மைகளில் ஈயம் இருந்தது உண்டு. அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் ஈயக் கவலை வேண்டாம் என்று சொன்னது 1985க்குப் பின் அச்சான சாதாரணச் சிறுவர் நூல்களுக்குத்தான். அதைவிடப் பழைய வண்ணப் படநூலை, எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் கொடுக்காதீர்கள். இன்னொன்று மிக அபூர்வம், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: பளிச்சென்ற பச்சைத் துணி அட்டை போட்ட 19ஆம் நூற்றாண்டு நூல் கண்ணில் பட்டால் வெறும் கையால் எடுக்க வேண்டாம். அந்தக் காலப் பச்சைச் சாயம் சிலவற்றில் ஆர்சனிக் உண்டு. கடையில் இருப்பவரிடம் சொல்லி உறையிலிட வையுங்கள்.

கடையைச் சுற்றும் விதத்திலும் ஒரு நுட்பம் உண்டு. நன்கொடை, பெட்டி பெட்டியாக ஒரே வீட்டிலிருந்து வருகிறது. வகை பிரிக்கும்போது அந்தப் புத்தகங்கள் சிதறிப் போகின்றன. நல்ல நூல் ஒன்று கிடைத்தால் முதல் வெற்றுத் தாளிலுள்ள பெயர், கையெழுத்து, போட்டிருக்கும் பழுப்பு அட்டை ஆகியவற்றை மனத்தில் பதித்துக்கொண்டு மற்ற அலமாரிகளையும் பாருங்கள். ஒரு நல்ல வாசகரின் முழுச் சேகரிப்பும் அந்தக் கடையிலேயே இருக்கலாம். நினைவுக் குறிப்புகள் நாவலோடும், கடிதங்கள் வரலாற்றோடும் தவறாக நிற்பது சகஜம். உயரமான நூல்கள் அடித்தட்டில் படுத்துக் கிடக்கும். புதிய வரவு எந்த நாளில் அலமாரிக்கு வருகிறது என்று தன்னார்வலரிடம் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்வார்கள். பல கடைகளில் விலைச்சீட்டிலேயே வாரக் குறி இருக்கும். சில வாரங்களில் விற்காததைக் கழித்துவிடுவார்கள். விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் வேண்டாம். அந்தப் பணம் போகும் இடம் வேறு. அரிய நூல் ஒன்று குறைந்த விலையில் நிற்பது தெரிந்தால் அதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நூலக முத்திரை இருந்து ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரை இல்லையென்றால் அதையும் காட்டுங்கள். உள்ளே யாருடைய சான்றிதழோ புகைப்படமோ இருந்தால் கடையிலேயே ஒப்படையுங்கள்.

ஒரு முறைக்கு மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். மூன்றில் ஒன்றையாவது முடித்த பிறகு அடுத்த முறை போங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அலமாரியில் செருக வேண்டாம். வெளியில் வைத்து, முதுகிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி மென்மையான தூரிகையால் தூசி தட்டுங்கள். பூச்சி சந்தேகம் இருந்தால் இரண்டு பாலித்தீன் உறைகளில் காற்றை வெளியேற்றி மூடி, கழித்தல் 18 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்காமல் ஒரு நாள் விடுங்கள்; உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் படிந்து நனைந்துவிடும். தோல் அட்டை நூலுக்கும் புகைப்படத் தொகுப்புக்கும் இந்த முறை ஆகாது. பூஞ்சணமும் இதில் சாகாது, உறங்கும். அறையில் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. நாற்றம் மட்டும் என்றால், புத்தகத்தை விசிறிபோல விரித்துப் பெரிய மூடிய பெட்டியில் நிறுத்தி, பக்கத்தில் ஒரு கிண்ணம் சமையல் சோடா வையுங்கள். சோடா தாளில் படக்கூடாது. பத்து நாளில் பெருமளவு குறையும். வாசனைத் திரவியம் தெளிப்பதும், வெயிலில் நாள் முழுக்கக் காயவைப்பதும் தாளைக் கெடுக்கும். நாஃப்தலீன் உருண்டை வைத்தால் அந்த வாடை எளிதில் போகாது, மூச்சுக்கும் கெடுதல்.

விலைச்சீட்டைப் பிய்க்காதீர்கள். தலைமுடி உலர்த்தியால் இருபது விநாடி மிதமாகச் சூடாக்கி, தாளோடு தாளாகச் சாய்த்து மெல்ல உரியுங்கள். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகித் தாளுக்குள் ஊறிவிடும்.

உங்கள் துப்பறியும் நாவலைத் தூக்கி எறிய வேண்டாம். பதிப்பு விவரப் பக்கத்தைப் பார்த்து, அதே பதிப்பகம், அதே பக்க எண்ணிக்கை உள்ள பிரதி நூலகத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அவர்களுடைய விதி அனுமதிக்கும்பட்சத்தில் அந்த 16 பக்கங்களையும் அதே அளவுத் தாளில் இருபுறமும் நகலெடுத்து, எட்டுத் தாள்களாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளின் உள்விளிம்பிலும் 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு வெள்ளை பிவிஏ பசையை மெல்லிய கோடாகத் தடவி, ஒன்றன்பின் ஒன்றாக முதுகுப் பள்ளத்தில் பொருத்துங்கள். வழியும் பசை மற்ற பக்கங்களில் ஒட்டாமலிருக்க இருபுறமும் மெழுகுத் தாள் செருகுங்கள். மேலே இரண்டு கனமான அகராதிகளை ஏற்றி ஓரிரவு விடுங்கள். காலையில் கொலையாளி யாரென்று படித்துவிடலாம்.